படமின்றி நிற்கும் பாட்டு

ஓவியத்தையோ சிற்பத்தையோ கண்டு எழுதும் கவிதையை இன்றைய திறனாய்வாளர் ‘எக்பிராசிஸ்’ என்பர். கிரேக்க அணியிலக்கணத்தில் கண்முன் நிறுத்தும் எவ்வகை வருணனைக்கும் வழங்கிய அப்பெயர், பின்னர் கலைப்பொருள் பற்றிய கவிதையளவில் சுருங்கியது. பெயர் அயலதாயினும் வழக்கம் நோர்வேக்கும் தமிழுக்கும் பழையது. 9ஆம் நூற்றாண்டினரான நோர்வேக் கவிஞர் பிராகி, தாம் பரிசாகப் பெற்ற கேடயத்தில் தீட்டியிருந்த காட்சிகளை, ஹம்திர், சோர்லி என்னும் உடன்பிறந்தார் ஓர் அரசனைத் தாக்குவது முதலியவற்றை, ‘ரக்னார்ஸ்திராபா’ என்ற பாடலில் பாடினார். கேடயம் மறைந்துவிட, ஐஸ்லாந்து அறிஞர் ஸ்னோரி 13ஆம் நூற்றாண்டில் தம் நூலில் எடுத்தாண்டமையால் பாடலின் பகுதிகள் எஞ்சின.

திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தைப் பாடும் பரிபாடல் 19ஆம் பாடலின் ஆசிரியர் நப்பண்ணனார், வண்ணத்தையும் கோடுகளையும் வருணிக்க முற்படவில்லை. காமன் யார், இரதி யார் என்று பெண்கள் வினவுவதையும் உடன்வந்தோர் விடையிறுப்பதையும் எழுதினார். அந்த ஓவியங்கள் இன்று இல்லை, அவ்வுரையாடல் இருக்கிறது. நெடுநல்வாடை இன்னும் ஒருபடி மேலே செல்கிறது: மெழுகு பூசிய மேற்கட்டியில், திங்களை விட்டுப் பிரியாத உரோகிணி தீட்டப்பட்டிருப்பதைப் பிரிவுற்ற அரசி படுக்கையிலிருந்து நோக்கிப் பெருமூச்செறிகிறாள். ஓவியத்துக்குச் சில அடிகளே கிடைக்கின்றன, எனினும் அவளுடைய துயர் முழுவதும் அங்கே திரள்கிறது. ஓவியக் கவிதைக்குத் தமிழில் இதனினும் சிறந்த சான்று தேடவேண்டியதில்லை.

ஒஸ்லோவின் புருசெத்தில் சுரங்கத் தொடருந்து ஏறி நகர் மையத்தில் இறங்குவோர், 2021இல் பியோர்விக்காவில் திறக்கப்பட்ட முங்க் அருங்காட்சியகத்துக்கு நடந்தே செல்லலாம். ஆகவே இங்குள்ள தமிழ்க் கவிஞரை எட்வர்ட் முங்கின் ‘அலறல்’ ஈர்ப்பது இயல்பே. ஆனால் குருதி நிற வானத்தையும், நண்பர்கள் முன்னே நடந்துபோகத் தாம் மட்டும் நடுங்கி நின்றதையும், இயற்கையினூடே ஓர் அலறல் செல்வதை உணர்ந்ததையும் முங்கே கவிதையாக எழுதிவிட்டார். 1895ஆம் ஆண்டுப் பிரதியின் சட்டத்தில் அவ்வரிகள் இடம்பெற்றுள்ளன. வானத்தின் சிவப்பை மீண்டும் சொல்வதற்குப் பின்வந்தவர் தேவையில்லை. படத்தின் முன் நிற்பவர் எங்கிருந்து வந்தார், எதைக் கேட்டார், எதைக் கேட்க மறுத்துக் காதுகளைப் பொத்தினார் என்பவையே எழுதப்படாமல் எஞ்சியுள்ளன.

எனவே எமக்கு ஓவியக் கவிதை அனுப்புவோர் படத்தின் நகலை இணைக்க வேண்டாம். ஓவியத்தின் பெயரைக் கடிதத்தில் குறித்தால் போதும், கவிதை தனியே வரட்டும்.