வாசலில் திரும்பிய பேராசிரியர்கள்

2022 மார்ச் 24 அன்று திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இறங்கிய சசெக்ஸ் பல்கலைக்கழக மானிடவியலாளர் பிலிப்போ ஒசெல்லா உடனே திருப்பி அனுப்பப்பட்டார். முப்பது ஆண்டுகளாகக் கேரளத்தை ஆய்ந்தவர். வந்ததோ கடலோர மக்களைப் பற்றிய கருத்தரங்குக்கு. ஆய்வு விசா கையில் இருந்தது. காரணம் சொல்லவில்லை என்றார். 2025 அக்டோபரில் இந்தி அறிஞர் பிரான்செஸ்கா ஒர்சினிக்கும் தில்லியில் இதே கதி. முன்பு விசா நிபந்தனையை மீறியவர் என்றது அரசுத் தரப்பு.

நிபந்தனைகள் தேவைதான். சுற்றுலா விசாவில் வந்து ஆய்வு செய்யக்கூடாது. கருத்தரங்குக்கும் ஆய்வுக்கும் தனித்தனி விசா உண்டு. ஆனால் மீறல் இருந்தால் அதைப் புறப்படுமுன்பே அவருக்குத் தெரிவிக்கலாமே! கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை நம் மீனவர் வாழ்வை அறிய வரும் அறிஞருக்கும் இதுவே விதி. அவரை அழைக்கும் நம் கல்லூரிகள் “சுற்றுலா விசாவே போதும், வாருங்கள்” என்று எழுதிவிட வேண்டாம்.