தோற்பதற்கு ஒரு கணக்கு

தன் அணி தோற்க வேண்டும் என்று மனதார விரும்புகிறவனை ரசிகன் என்று சொல்லலாமா? சொல்லக்கூடாது என்பது என் கட்சி. இதற்காக என் மாப்பிள்ளையோடும் அவருடைய சிநேகிதர்களோடும் 2023-இல் மெல்பர்னில் தங்கியிருந்த சில மாதங்கள் முழுவதும் வாதாடினேன். இப்போதும் வாட்ஸாப்பில் வாதாடிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் பக்கம் படித்தவர்கள், கணக்குத் தெரிந்தவர்கள். ஆனாலும் அவர்கள் சொல்வது தப்பு.

விஷயம் ஆஸ்திரேலியர்களின் சொந்தக் கால்பந்தாட்டம். அவர்கள் செல்லமாக ‘ஃபுட்டி’ என்பார்கள். நம் ஊர் ஃபுட்பாலும் இல்லை, ரக்பியும் இல்லை. மைதானம் முட்டை வடிவம், பந்தும் ஏறக்குறைய முட்டை வடிவம். பாக்ஸிங் டே டெஸ்ட் வழியாக நமக்குப் பழக்கமான எம்.சி.ஜி. மைதானம்தான் குளிர்காலத்தில் இந்த ஆட்டத்துக்குக் கோயில். ஒரு பக்கத்துக்குப் பதினெட்டு பேர். பந்தை உதைக்கலாம், கையில் வைத்து முஷ்டியால் குத்தி அனுப்பலாம், எறியத்தான் கூடாது. இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 6 புள்ளி, பக்கத்தில் போனால் 1 புள்ளி. ‘கோலுக்கு அருகே போய்த் தவறினாலும் ஒரு புள்ளியா?’ என்று முதல் நாள் கேட்டேன். கேட்ட பிறகு யோசித்துப் பார்த்தால், அதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

மொத்தம் 18 கிளப்புகள். அதில் நார்த் மெல்பர்ன் என்பது மாப்பிள்ளையின் கிளப். அவர் அந்த ஊருக்குப் போனபோது முதலில் குடியிருந்த பகுதி அது. வேறு காரணம் ஒன்றும் இல்லை. நீலமும் வெள்ளையும் கோடு போட்ட சட்டை, செல்லப் பெயர் கங்காரு. 1975, 1977, 1996, 1999 என்று நான்கு முறை கோப்பை வாங்கிய கிளப்புதான். ஆனால் நான் போன காலத்தில் அதன் நிலைமை பரிதாபம். 2021-இல் 4 வெற்றி, கடைசி இடம். 2022-இல் 2 வெற்றி, மறுபடியும் கடைசி. 2023-இல் முதல் இரண்டு ஆட்டங்களை ஜெயித்துவிட்டு வரிசையாக 20 ஆட்டம் தோற்றார்கள்.

தோற்றுக்கொண்டே இருந்தால் ரசிகர்கள் என்ன பேசுவார்கள்? பயிற்சியாளரைத் திட்டுவார்கள், பந்தை மெதுவாகக் கொண்டுபோகிறார்கள் என்பார்கள், நடுமைதானத்தில் எதிரியை விட்டுவிடுகிறார்கள் என்பார்கள். எல்லாம் நடந்தது. பயிற்சியாளர் அலஸ்டர் கிளார்க்சன் சாமானிய ஆள் இல்லை. ஹாதார்ன் கிளப்புக்கு 2008, 2013, 2014, 2015 என்று நான்கு கோப்பை வாங்கிக் கொடுத்தவர். அவரையும் விடவில்லை. அந்தப் பேச்சில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ரசிகனுக்குத் திட்டும் உரிமை உண்டு, டிக்கெட்டோடு சேர்த்து வாங்கியதுதான்.

ஆனால் ஜூலை மாதம் வந்ததும் பேச்சு மாறியது. “இந்த வருஷம் போச்சு மாமா. இனிமே ஜெயிச்சு என்ன பிரயோஜனம்? கடைசி இடத்துல முடிஞ்சாதான் நல்லது” என்றார் மாப்பிள்ளை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இதன் பின்னால் ஒரு விதி இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டு முடிவிலும் நாடெங்கும் உள்ள இளம் ஆட்டக்காரர்களை, பெரும்பாலும் பதினெட்டு வயதுப் பையன்களை, கிளப்புகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கின்றன. ‘டிராஃப்ட்’ என்று பெயர். கடைசி இடத்தில் முடிந்த கிளப்புக்கு முதல் தேர்வு. பலவீனன் பலம் பெறட்டும் என்ற நல்ல எண்ணத்தில் வந்த ஏற்பாடு. பணக்கார கிளப்பே எல்லோரையும் விலைக்கு வாங்கிவிடக் கூடாது அல்லவா? எண்ணம் நல்லதுதான். ஆனால் எண்ணம் நல்லதாக இருந்துவிட்டால் விதி நல்லதாகிவிடாது. நாற்பது வருஷம் கோப்பு தள்ளியவனுக்கு இது புதிதில்லை. ஒதுக்கிய பணத்தை மார்ச் 31-க்குள் செலவழிக்காவிட்டால் அடுத்த வருஷம் வெட்டிவிடுவார்கள் என்று ஒரு விதி. விளைவு, மார்ச் மாதம் வந்தால் போதும், யாரும் கேட்காத ஸ்டீல் பீரோக்கள் ஆபீஸ் ஆபீஸாக வந்து இறங்கும். சிக்கனத்துக்காக எழுதிய விதி செலவைக் கற்றுக் கொடுத்தது. பலவீனனுக்காக எழுதிய இந்த விதி பலவீனத்தைக் கற்றுக் கொடுக்கிறது.

அந்த ஆண்டு எல்லோரும் கண் வைத்திருந்த பையன் ஹார்லி ரீட். விக்டோரியா மாநிலத்துப் பையன், நார்த் மெல்பர்ன் இருக்கிற அதே மாநிலம். கடைசி வாரத்துக்கு முன்பு நார்த்துக்கு 2 வெற்றி, பெர்த் நகரத்து வெஸ்ட் கோஸ்டுக்கு 3. நார்த் கடைசி ஆட்டத்திலும் தோற்றால் ரீட் இவர்களுக்கு. ஆட்டம் டாஸ்மேனியாவில், ஹோபார்ட் நகரில், கோல்ட் கோஸ்ட் அணியோடு.

நார்த் ஜெயித்துவிட்டது! நிக் லார்க்கி என்ற முன்வரிசை ஆட்டக்காரர் தனி ஆளாக 9 கோல் போட்டார். கடைசி இடத்தில் தத்தளித்த அணியில் இருந்துகொண்டே அந்த ஆண்டு 71 கோல் போட்டு, ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலான ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் இடம் பிடித்தவர் அவர். ஐந்து மாதமாக ஜெயிக்காத பையன்கள் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டுக் கூடத்திலோ இழவு விழுந்த மாதிரி ஓர் அமைதி. வெஸ்ட் கோஸ்ட் தன் ஆட்டத்தில் தோற்றுக் கடைசிக்கு இறங்கியது. முதல் தேர்வும் ரீடும் அவர்களுக்குப் போனார்கள். “ஒரு உபயோகமும் இல்லாத ஜெயிப்பு” என்றார் மாப்பிள்ளையின் சிநேகிதர் ஒருவர்.

உபயோகமில்லாத ஜெயிப்பாம்! அந்த லார்க்கியிடம் போய் இதைச் சொல்ல முடியுமா? இருபது வாரம் தோற்றுவிட்டு இருபத்தோராவது வாரமும் திங்கட்கிழமை காலையில் பயிற்சிக்குப் போன பையனிடம் சொல்ல முடியுமா?

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு ‘கி பெர் காஞ்’ ஞாபகம் இருக்கும். ‘தோற்றவன் ஜெயித்தான்’ என்று பொருள். தாம் பலகையில் விதியைத் தலைகீழாக்கி ஆடுவது அது. தன் காய்களை எல்லாம் எதிரிக்குத் தின்னக் கொடுத்து முதலில் காலியாகிறவன் ஜெயித்தவன். மழை நாளில் இடைவேளைக்கு நல்ல பொழுதுபோக்கு. ஆனால் அந்த ஆட்டத்தில் இரண்டு பேருக்கும் அதுதான் விதி என்று முன்பே தெரியும். ஒருவன் நேராகவும் மற்றவன் தலைகீழாகவும் ஆடினால் அதற்குப் பெயர் ஆட்டம் இல்லை. நம் கடற்கரைப் பக்கம் சாயங்காலத்தில் பெத்தாங் ஆடும் பெரியவர்களைப் பாருங்கள். 12-க்கு 2 என்று பின்தங்கியிருந்தாலும் குண்டை வேண்டுமென்றே தள்ளி எறிகிறவரைப் பார்த்திருக்கிறீர்களா? அப்படி ஒருவர் எறிந்தால் மறுநாள் அவரைச் சேர்த்துக்கொள்வார்களா?

“மாமா, நீங்க சென்டிமென்ட் பேசறீங்க, நாங்க கணக்குப் பேசறோம்” என்பது அவர்கள் பதில். சரி, கணக்கையே பேசுவோம்.

2009-இல் மெல்பர்ன் டீமன்ஸ் என்ற இன்னொரு கிளப். அப்போது இருந்த விதிப்படி, தொடர்ந்து இரண்டு ஆண்டு நான்கு வெற்றிக்கு மேல் பெறாத அணிக்கு முதல் சுற்றுக்கு முன்பே ஒரு கூடுதல் தேர்வு. 2008-இல் 3 வெற்றி பெற்றிருந்த மெல்பர்ன் 2009-இல் 4 வெற்றியோடு முடித்தது. ரிச்மண்டோடு ஆடிய ஓர் ஆட்டத்தில் ஆட்களை வழக்கத்துக்கு மாறான இடங்களில் நிறுத்தியிருந்தார்கள். அப்படியும் கடைசிவரை முன்னணியில் இருந்து, முடிவுச் சங்கு ஊதிய பிறகு உதைத்த ஒரு கோலில் 4 புள்ளியில் தோற்றார்கள். பிற்பாடு பெரிய விசாரணை நடந்தது. வேண்டுமென்றே தோற்றதாகத் தீர்ப்பு வரவில்லை. ஆனால் 2013-இல் கிளப்புக்கு 5 லட்சம் டாலர் அபராதம், பழைய பயிற்சியாளருக்கும் ஓர் அதிகாரிக்கும் இடைக்காலத் தடை. குற்றம் இல்லை, தண்டனை மட்டும் உண்டு. நம் ஊர் துறைசார் விசாரணைகளில் பழகியவர்களுக்கு இந்த நடையும் புதிதில்லை.

கிடைத்தது என்ன? 2009 டிராஃப்டில் முதல் இரண்டு தேர்வும் மெல்பர்னுக்கு. டாம் ஸ்கல்லி, ஜாக் ட்ரெங்கோவ். ஸ்கல்லி இரண்டே ஆண்டில் புது கிளப் ஒன்றுக்குப் போய்விட்டார். ட்ரெங்கோவை இருபது வயதில் இணைத் தலைவராக்கிப் பாரத்தைத் தூக்கி வைத்தார்கள். பிறகு கால் எலும்பு முறிந்து அவருடைய ஆட்டமே குலைந்தது. 2011 ஜூலையில் ஜீலாங் அணியிடம் மெல்பர்ன் 186 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. 233-க்கு 47. அதோடு பயிற்சியாளர் வீட்டுக்குப் போனார். இறுதிச்சுற்றுக்கு அவர்கள் மறுபடி வந்தது 2018-இல்.

இனிமேல்தான் வேடிக்கை. அதே 2009 டிராஃப்டில் மூன்றாவது தேர்வாக ரிச்மண்டுக்குப் போனவர் டஸ்டின் மார்ட்டின். மூன்று இறுதிப் போட்டிகளில் ஆட்டநாயகன் பதக்கம் வாங்கியவர்! 20-ஆவது தேர்வாகப் போன நாட் ஃபைஃப் நாட்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கத்தை இரண்டு முறை வாங்கினார். 2021-இல் மெல்பர்ன் 57 ஆண்டு கழித்துக் கோப்பையை வாங்கியபோது அதைத் தூக்கிய தலைவர் மாக்ஸ் கான் யார் தெரியுமா? அதே 2009-இல் அதே மெல்பர்ன் எடுத்த 34-ஆவது தேர்வு. 34-ஐப் பெறுவதற்கு யாரும் தோற்க வேண்டியதில்லை.

இவர்கள் உடனே ஹாதார்னைக் கொண்டுவருவார்கள். நியாயமான உதாரணம்தான், மறுக்கவில்லை. 2004-இல் மோசமாக ஆடி 2-ஆவது தேர்வில் ஜாரிட் ரஃப்ஹெட்டையும் 5-ஆவது தேர்வில் லான்ஸ் பிராங்க்ளினையும் பெற்றார்கள், 2008-இல் கோப்பை. ஆனால் அந்த 2008 அணியின் தலைவர் சாம் மிட்செல் 36-ஆவது தேர்வு. அதே 2004 முடிவில்தான் கிளார்க்சனும் அங்கே பயிற்சியாளராக வந்தார். பையன்களால் கோப்பை வந்ததா, பையன்களை வளர்த்தவரால் வந்ததா? இரண்டாலும்தான். ஆனால் தோல்வியை விரும்பச் சொல்கிறவர்கள் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். ஜீலாங்கைப் பற்றிக் கேட்டால் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். 2007, 2009, 2011, 2022 என்று நான்கு கோப்பை. இந்தக் காலம் முழுவதும் அவர்கள் அடிமட்டத்துக்கு இறங்கவே இல்லை.

நார்த்தின் சொந்த அனுபவமே போதாதா? 2021-இல் கடைசியாக முடிந்து முதல் தேர்வில் எடுத்த பையன் ஜேசன் ஹார்ன்-பிரான்சிஸ். ஒரே ஆண்டு. தோற்று நொந்த கிளப்பில் இருந்தது போதும் என்று சொந்த மாநிலத்து போர்ட் அடிலெய்டுக்குப் போய்விட்டான். அவனைக் குறை சொல்லி என்ன? பதினெட்டு வயதுப் பிள்ளையை ஜெயிக்கத் தெரியாத வீட்டுக்குக் கூட்டிவந்து ‘நீதான் எங்களைக் காப்பாற்ற வேண்டும்’ என்றால் அவன் கற்றுக்கொள்வது யாரிடம்? தோல்வி ஒரு வருஷத்துக் கணக்கில் எழுதி மறு வருஷம் அடித்துவிடுகிற பற்று இல்லை. அது உடம்பில் ஏறுகிற பழக்கம். பந்து கைக்கு வரும் நேரத்தில் ஒரு கணம் தயங்குவது, ஓட வேண்டிய இடத்துக்கு நடந்து போவது, இதெல்லாம் தேர்வுப் பட்டியலில் தெரியாது.

ஹோபார்ட் வெற்றி நார்த்தைத் தூக்கி நிறுத்திவிட்டது என்று நான் சொல்லவில்லை. 2024-லும் 3 வெற்றிதான். 2025-இல் 5 வெற்றி, ஒரு சமன். மெதுவாகத்தான் ஏறுகிறது. ஆனால் ரீடைப் பெற்ற வெஸ்ட் கோஸ்ட் எங்கே? ரீட் திறமைசாலி, சந்தேகமே இல்லை. இருந்தும் 2024-இல் 5 வெற்றி, 2025-இல் 23 ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. இந்தக் கணக்கை நான் அனுப்பியபோது மாப்பிள்ளையிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வந்தது.

விதியை மாற்றலாம். வட அமெரிக்காவில் பெண்கள் ஐஸ் ஹாக்கி லீக்கில் 2024 முதல் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். இறுதிச்சுற்றுக்கு இனி வர முடியாது என்று கணக்குப்படி உறுதியான நாளிலிருந்து ஓர் அணி எத்தனை புள்ளி சேர்க்கிறது என்று பார்ப்பார்கள். அதிகம் சேர்த்தவருக்கு முதல் தேர்வு. சீக்கிரம் வெளியேறும் பலவீனனுக்குப் புள்ளி சேர்க்க நிறைய ஆட்டம் மிச்சம் இருக்கும், ஆனால் தேர்வைப் பெற அவன் ஜெயித்தாக வேண்டும். இப்படி ஒரு விதி இருந்திருந்தால் 2023 ஆகஸ்டில் எங்கள் கூடத்தில் எல்லோரும் எழுந்து நின்று கத்தியிருப்பார்கள். “பதினெட்டு கிளப்புக்கு அது சரிவராது மாமா” என்கிறார் மாப்பிள்ளை. ஏன் சரிவராது என்று கேட்டு மூன்று வாரம் ஆகிறது. பதில் வந்ததும் எழுதுகிறேன்.