ஓட்டு வீட்டுக்கு ஒரு ஞாயிறு!

சிவில் பிரிவு நண்பர்களே, உங்களிடம் ஒரு கேள்வி. ஆர்.சி.சி. ஸ்லாபுக்குக் கம்பி எத்தனை, இடைவெளி எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவீர்கள். போன மழைக்கு உங்கள் வீட்டுக் கூரையில் எந்த ஓடு நகர்ந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியுமா? நம்மில் பல பேர் ஓட்டு வீட்டிலிருந்துதான் பஸ் ஏறி வருகிறோம். ஆனால் ஓட்டுக் கூரையை டிராயிங் ஷீட்டோடு மறந்துவிடுகிறோம். அது கூலி வேலை, டிப்ளமோ வேலை இல்லை என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பு தப்பு என்பதுதான் என் கட்சி.

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். எங்க வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். தாத்தா காலத்து வீடு. மண் சாந்தில் கட்டிய செங்கல் சுவர், மேலே சீமை ஓடு, 'ட' எழுத்து மாதிரி இரண்டு கூரை. இரண்டும் சேரும் பள்ளத்துக்குக் கூடுவாய் என்று பெயர். அதில் ஒரு தகரம் கிடக்கும். வேப்பிலை, ஓட்டுச் சில்லு, அணில் கூடு எல்லாம் அங்கேதான் வந்து அடையும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லி மீட்டர் மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். 40 சதுர மீட்டர் வீட்டில் ஒரே நாளில் 10 சென்டி மீட்டர் பெய்தால் 4000 லிட்டர். ஐப்பசி, கார்த்திகையில் நம்ம பக்கம் இது அதிசயமே இல்லை. அதில் பாதி கூடுவாய் வழியாக வந்தாலும் 200 லிட்டர் டிரம் பத்து! சருகு அடைத்துக்கொண்டால் அவ்வளவும் எங்கே போகும்? ஓட்டுக்கு அடியில் ஏறி, சுவரின் தலையில் இறங்கும். மண் சாந்து கரையும்.

ஒழுகினால் குண்டான் வைக்கிறோம், தூக்கம் கெடுகிறது, அவ்வளவுதான். சுவர் ஊறும்போது சத்தமே போடாது. 2019 டிசம்பர் 2 அதிகாலையில் மேட்டுப்பாளையம் நடூரில், மழையில் ஊறிய சுற்றுச்சுவர் ஓட்டு வீடுகள் மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். சுவர் நனைவதைச் சாதாரணமாக நினைக்கிறவர்கள் இதை ஒரு தரம் யோசித்துப் பாருங்கள்.

"இடிச்சிட்டு கான்கிரீட் போட வேண்டியதுதானே?" என்று ஹாஸ்டல் நண்பர்கள் கேட்கிறார்கள். போடலாம். அப்பா லாரியில் கிளீனராகப் போகிற சம்பளத்தில் எப்போது போடுவது? அதுவரை நாலைந்து மழைக்காலம் இந்தக் கூரைக்குக் கீழேதான் படுக்க வேண்டும். மாடி வீட்டிலும் தூம்பு வாயில் சருகு அடைத்தால் தண்ணீர் தேங்கும், உள்ளே கம்பி துருப்பிடிக்கும். அங்கேயும் யாராவது ஏறித்தான் ஆகணும்.

இப்போது ஒரு புது வைத்தியம் வந்திருக்கிறது, ஃபிளெக்ஸ் பேனர். கூரை மேல் விரித்து நாலு செங்கல் வைத்துவிட்டால், தலைவர்கள் வானத்தைப் பார்த்துச் சிரித்தபடி கிடப்பார்கள். மழை விட்ட பிறகும் யாரும் அதை எடுப்பதில்லை. அடியில் ஈரம் காயாமல் ரீப்பர் மக்குகிறது.

எங்க தெருவில் ஓடு மாற்றும் தாத்தா ஒருவர் இருக்கிறார். எழுத்து தெரியாது. நடுப்பகலில் கதவு, ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே நின்று அண்ணாந்து பார்ப்பார். வெளிச்சம் புள்ளியாகத் தெரிகிற இடத்தில் ஓடு நகர்ந்திருக்கும். "சொட்டுற இடத்துல ஓட்டை இருக்காது பாப்பா, மேல தேடு" என்பார். தண்ணீர் ரீப்பரையும் கைமரத்தையும் பிடித்துக்கொண்டு தள்ளிப் போய்த்தான் சொட்டுமாம். ஓட்டின் நடுவில் மிதிக்க மாட்டார், அடியில் ரீப்பர் ஓடும் வரிசையில்தான் கால் வைப்பார். மேல் ஓட்டை லேசாகத் தூக்கி, புதுசை அடியில் செருகி, மேடும் பள்ளமும் ஒன்றுக்குள் ஒன்று உட்காரும்வரை விடமாட்டார். இதற்குத்தான் நாம் இன்டர்லாக்கிங் என்று எழுதி மார்க் வாங்குகிறோம்.

போன புரட்டாசியில் நானும் அவரோடு ஏறினேன். "பொட்டப்புள்ள கூரை மேல ஏறினா ஊரு என்ன சொல்லும்?" என்றது அம்மா. கூரை ஒழுகினால் ஊர் வந்து குண்டான் வைக்குமா? ஒரு சாக்குச் சருகு அள்ளினோம், மூன்று ஓடு மாற்றினோம். அரை நாள் வேலை.

ஏறுகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ஓடு ஈரமாக இருந்தால் ஏறவே கூடாது, பாசி வழுக்கும். சர்வீஸ் ஒயர் கூரையை ஒட்டி வந்தால், மெயினை ஆஃப் பண்ணிவிட்டோம் என்று கிட்டே போகாதீர்கள். மெயினுக்கு முன்னால் இருக்கிற ஒயரில் கரண்ட் இருக்கும். எலக்ட்ரிக்கல் நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள்.

நம் என்.எஸ்.எஸ். சார்பில் வருஷாவருஷம் மரக்கன்று நடுகிறோம். நல்ல காரியம். (போன வருஷக் கன்றை மாடு தின்றது வேறு கதை.) அதோடு புரட்டாசியில் ஒரு ஞாயிறு, ஆள் துணை இல்லாத பாட்டிகளின் வீடுகளுக்குப் போனால் என்ன? ஓடு மாற்றத் தெரிந்த பெரியவர் ஒருவரை முழுக் கூலி கொடுத்துக் கூப்பிட வேண்டும். இனாமாக அல்ல. பழகியவர்கள் அவரோடு ஏறட்டும். மற்றவர்கள் ஏணி பிடிக்கலாம், சருகு அள்ளலாம், சுவர் விரிசலை நோட்டில் குறிக்கலாம். அடுத்த மாணவர் பேரவைத் தேர்தலில் யார் இதை வாக்குறுதியாகக் கொடுக்கிறார்களோ, ஓட்டு வீட்டுக்காரி என் ஓட்டு அவர்களுக்குத்தான். ஏணி எங்க வீட்டில் இருக்கிறது.