ஜப்பானுக்கு ஆங்கில வாத்தியாராகப் போகிறீர்களா?

ரஜூலா கப்பலில் பினாங்கு வந்து இறங்கிய நம் முன்னோர் வெறுங்கையோடு வந்திருக்கலாம். ஆனால் ஆளில்லாத ஊருக்கு வரவில்லை. குயின் ஸ்திரீட்டில் 1833 முதலே மகா மாரியம்மன் கோயில் இருந்தது. பினாங்கு ஸ்திரீட் பக்கம் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. அண்ணன், மாமன், சொந்த ஊர்க்காரர் என்று யாராவது ஒருவர் முன்பே வந்து அடுப்பு மூட்டியிருப்பார். யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாப் பள்ளிகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்த ஆசிரியர்களும் ஒருவர் பின் ஒருவராக வந்தவர்கள்தான்.

இன்று நம் பிள்ளைகள் சிலர் அதே வேலைக்கு வேறு திசையில் கிளம்ப நினைக்கிறார்கள். ஜப்பானியப் பள்ளிகளில் ஆங்கிலத் துணையாசிரியர் வேலை. படித்த பிள்ளைகள், சுறுசுறுப்பான பிள்ளைகள். வகுப்பில் நின்று பேச அவர்களுக்குப் பயமில்லை. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். போகிற ஊரில் அவர்களுக்காக யாரும் அடுப்பு மூட்டி வைத்திருக்க மாட்டார்கள். இந்த வேலையில் நிலைக்கிறோமா, பாதியில் திரும்புகிறோமா என்பதைப் பெரும்பாலும் வகுப்பறைக்கு வெளியே கழியும் முதல் மூன்று மாதங்களே முடிவு செய்கின்றன.

ஜப்பான் என்றதும் சில வீடுகளில் பாட்டியின் முகம் மாறும். 1941 டிசம்பரில் ஜார்ஜ்டவுனில் குண்டு விழுந்த கதையையும், சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாத தமிழர்களின் கதையையும் கேட்டு வளர்ந்தவர் அவர். "அதெல்லாம் பழைய கதை பாட்டி" என்று தள்ளிவிடாதீர்கள், உட்கார்ந்து கேளுங்கள். அதே வேளையில், 1982-ல் கிழக்கை நோக்கும் கொள்கை தொடங்கிய பிறகு எத்தனையோ மலேசிய மாணவர்கள் ஜப்பானில் படித்துவிட்டு நல்லபடியாகத் திரும்பியிருக்கிறார்கள் என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள்.

இனி காரியத்துக்கு வருவோம். முதல் தடை ஆங்கிலத்தில் இல்லை, பள்ளிச் சான்றிதழில் இருக்கிறது. ஜப்பானியக் குடிநுழைவு விதிகளின்படி, துணையாசிரியர் போன்ற வேலைகளுக்கு வருகிறவர் தாம் கற்பிக்கும் மொழியின் வழியாக 12 ஆண்டுகள் கல்வி பெற்றிருக்க வேண்டும். ஆள் எடுக்கும் நிறுவனங்களும் இதைத்தான் கேட்கின்றன. இங்கேதான் நம்மவருக்குச் சிக்கல். தாத்தா பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் படித்தவர் என்றால் அவர் ஆங்கிலவழி மாணவர். 1970-ல் முதலாம் ஆண்டு வகுப்பில் தொடங்கிப் படிப்படியாக அந்தப் பள்ளிகளெல்லாம் மலாய்வழிக்கு மாறின. பேரனோ ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய்வழி இடைநிலைப்பள்ளி. எஸ்பிஎம் ஆங்கிலத்தில் ஏ பிளஸ் வாங்கியிருந்தாலும், படித்த மொழி ஆங்கிலம் என்று சான்றிதழ் சொல்லாது. ஆகவே கல்லூரியில் ஆங்கிலத்தில் படித்த ஆண்டுகளை எப்படிக் கணக்கிடுவார்கள் என்று விண்ணப்பிக்கும் முன்பே எழுத்து மூலமாகக் கேட்டு வாங்குங்கள். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிப் பணம் கேட்கும் ஏஜெண்டை நம்ப வேண்டாம்.

இந்த வேலைக்குப் பல வழிகள் உண்டு. நன்கு அறியப்பட்டது 1987-ல் ஜப்பானிய அரசு தொடங்கிய ஜெட் திட்டம். ஒரு பட்டம் போதும், ஆசிரியர் பயிற்சி கட்டாயமில்லை. 2025 ஏப்ரல் முதல் முதலாண்டுச் சம்பளம் 40 இலட்சத்து 20 ஆயிரம் யென். ஒப்பந்தம் ஓராண்டுக்கு, புதுப்பித்துக்கொண்டே போனால் அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள். எந்தெந்த நாடுகளிலிருந்து எந்த வேலைக்கு ஆள் எடுப்பது என்பதை ஆண்டுதோறும் முடிவு செய்கிறார்கள். ஆகவே அந்த ஆண்டின் அறிவிப்பை ஜப்பானியத் தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்; பினாங்கிலேயே துணைத் தூதரகம் இருக்கிறது. இன்னொரு வழி, பள்ளிகளுக்கு ஆள் அனுப்பும் தனியார் நிறுவனங்கள். அங்கே சம்பளம் பொதுவாகக் குறைவு. பள்ளி விடுமுறை மாதங்களில் சம்பளம் முழுதாக வருமா என்று ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள். சம்பளத்தை வெள்ளிக்கு மாற்றிப் பார்த்து மயங்கவும் வேண்டாம், ஏனென்றால் செலவு யென்னில். வாடகை வீட்டுக்கு முன்பணம் தவிர, வீட்டுக்காரருக்கு 'ரெய்கின்' என்று திரும்பி வராத ஒரு தொகையும் சில இடங்களில் கேட்பார்கள். முந்தைய ஆண்டு வருமானத்தை வைத்துப் போடும் வசிப்பிட வரி ஜூன் மாதம்தான் ஆரம்பிக்கும். அதனால் இரண்டாம் ஆண்டில் கைக்கு வரும் சம்பளம் திடீரென்று இளைத்துப்போகும்.

பெரிய விமான நிலையங்களில் இறங்கியதுமே வசிப்பிட அட்டை கொடுத்துவிடுவார்கள். வீடு அமைந்த 14 நாட்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதன் பிறகுதான் வங்கிக் கணக்கு, கைத்தொலைபேசி எல்லாம். இங்கே நம்மவருக்கு மட்டுமே வரும் ஒரு தொல்லை, பெயர். நம் கடப்பிதழில் ஏ/எல், ஏ/பி என்று இருக்கிறது, குடும்பப் பெயர் கிடையாது. ஜப்பானியப் படிவத்திலோ குடும்பப் பெயர் இல்லாமல் வேலை நகராது. அத்தோடு பெயரைக் கத்தகானா எழுத்தில் எழுத வேண்டும். அதில் 'ல'வும் 'ர'வும் ஒன்றுதான்: பாலன் 'பாரன்' ஆவார், செல்வி 'செருவி' ஆவார். வருத்தப்பட ஒன்றுமில்லை. ஒரே ஓர் எழுத்துமுறையைத் தேர்ந்தெடுத்து நகர அலுவலகம், வங்கி, பள்ளி என எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள். வங்கியில் ஒன்று, வேலையிடத்தில் ஒன்று என்று எழுதிவிட்டால் முதல் சம்பளமே வழியில் நிற்கலாம்.

ஜெட் ஆசிரியர்களில் பெரும்பாலோர் போய்ச் சேருவது ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்டிலோ. ஜப்பானியக் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குவது. ஆகஸ்ட் மாதம் கோடை விடுமுறை. அதனால் புதியவர் முதல் சில வாரங்கள் ஆளில்லாத ஆசிரியர் அறையில் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார நேரும். "என்னை எதற்கு வரவழைத்தார்கள்?" என்ற எண்ணம் அப்போது வரும். வந்தால் அது இயல்பு என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்த வாரங்களில் அறிமுகப் பாடத்தைத் தயார் செய்யுங்கள், சக ஆசிரியர்களின் பெயர்களைப் படித்து வையுங்கள். தனித்தனி உறையிட்ட தௌ சார் பியா ஒரு பெட்டி கொண்டுபோய் எல்லார் மேசையிலும் ஒன்று வையுங்கள். வெளியூரிலிருந்து வருகிறவர் தின்பண்டம் கொண்டுவருவது அங்கே வழக்கம்.

வகுப்பில் நீங்கள் துணையாசிரியர். தலைமை ஜப்பானிய ஆசிரியருக்கு. தொடக்கப்பள்ளியில் 5, 6-ஆம் வகுப்புகளுக்கு 2020 முதல் ஆங்கிலம் முறையான பாடம். பிள்ளைகள் தங்கள் வகுப்பறையைத் தாங்களே பெருக்கித் துடைப்பார்கள், மதிய உணவைத் தாங்களே பரிமாறுவார்கள். நீங்களும் துடைப்பத்தை எடுங்கள். பாடத்தில் பேசாத பிள்ளை துப்புரவு நேரத்தில் உங்களோடு பேசும்.

"நீங்கள் அமெரிக்கரா?" என்று கேட்பார்கள். "இல்லை" என்றதும் சில முகங்களில் ஒரு சின்ன ஏமாற்றமும் தெரியலாம். அந்த இடத்தில் கூசிப்போக வேண்டாம். தப்பு வந்துவிடுமோ என்று வாயைத் திறக்கத் தயங்கும் பிள்ளைகள் அங்கே நிறைய. வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், கடையில் ஹொக்கியன், வேலையில் ஆங்கிலம் என்று ஒரே நாளில் நான்கு மொழியில் புழங்கும் ஒருவரை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். ஆங்கிலம் கற்றுக்கொண்டு பேசக்கூடிய மொழி என்பதற்கு நீங்களே சாட்சி. விண்ணப்பப் படிவத்தில் குறையாகத் தெரிந்த அதே படிப்புதான் வகுப்பறையில் உங்கள் பலம்.

சாப்பாட்டு விஷயம் அம்மாக்களுக்காக. பள்ளி மதிய உணவு பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரே சமையல். ஜப்பானியக் கறிச் சோற்றில் மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ இருப்பது சாதாரணம். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் முதல் நாளே சொல்லிவிட்டு வீட்டுச் சாப்பாடு கொண்டுபோக அனுமதி கேட்கலாம். சைவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். காய்கறிச் சூப்பிலும் 'தாஷி' என்ற சாறு இருக்கும். அதைப் பெரும்பாலும் நம் மாசிக் கருவாட்டைப் போன்ற காய்ந்த மீனில் எடுப்பார்கள். மசாலாத்தூள் கட்டிக் கொடுங்கள். பச்சைக் கறிவேப்பிலையை மட்டும் பெட்டியில் ஒளித்து வைக்காதீர்கள். தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாத இலைகளை விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள்.

இவ்வளவுக்கும் மேலாக ஒன்று: ஜப்பானிய மொழி. வகுப்புக்குத் தேவையில்லை என்பார்கள்; வாழ்க்கைக்குத் தேவை. குப்பையை எந்த நாளில், எப்படிப் பிரித்து வைப்பது என்ற அறிவிப்பைக்கூட அந்த மொழியில்தான் ஒட்டியிருப்பார்கள். தமிழருக்கு இதில் ஒரு வசதி உண்டு. "நான் பள்ளிக்குப் போகிறேன்" என்பதை அவர்கள் "வதாஷி வா கக்கோ நி இகிமாஸ்" என்பார்கள். நம் 'கு' இருக்கும் இடத்தில் 'நி', வினைச்சொல் கடைசியில். இரண்டு மொழிகளும் உறவு என்று பேராசிரியர் சுசுமு ஓனோ வாதாடினார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, சொல் அடுக்கும் வரிசை நமக்குப் பழக்கமானது. ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்.

ஏனென்றால் உங்களை அனுப்பும் ஊர் தோக்கியோவின் நிஷி கசாய் போல இந்தியர்கள் கூடி வாழும் இடமாக இருக்காது. மலையோரத்துச் சிற்றூரிலோ கடற்கரைக் கிராமத்திலோ நீங்கள் ஒருவரே தமிழராக இருப்பீர்கள். கோயில் இல்லை, கிட்டங்கி இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி, பள்ளி அலுவலக எழுத்தர், மூலைக்கடைக்காரர் என்று உங்கள் கூட்டத்தை நீங்களேதான் ஒவ்வொருவராகச் சேர்க்க வேண்டும். இரவு முழுக்கக் கைப்பேசியில் பினாங்கு நண்பர்களோடு பேசிக்கொண்டிருப்பவருக்கு உடம்பு மட்டும்தான் ஜப்பானில் இருக்கும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வாரம் ஒருமுறை அழைக்கும்போது "எப்போது திரும்பி வருவே?" என்று கேட்காதீர்கள். "இந்த வாரம் அங்கே யாரோடு பேசினே?" என்று கேளுங்கள். பதிலில் ஒரு புதுப் பெயர் வந்தால், பிள்ளை வேர் பிடிக்கத் தொடங்கிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கலாம்.