கையில் ஒரு கோப்பை, கனவில் ஒரு கோப்பை

கனடாவில் ஹாக்கி என்றால் பனித்தரை ஹாக்கிதான். நாம் அறிந்த புல்தரை ஹாக்கியைத்தான் அங்கே அடைமொழி சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த நாட்டின் பெரிய நகரமான டொரோண்டோவின் மேப்பிள் லீஃப்ஸ் அணி, இந்த ஆட்டத்தின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பையைக் கடைசியாக வென்றது 1967-இல். அந்த வருடம் பிறந்தவர்கள் இன்று பேரப்பிள்ளை எடுத்திருப்பார்கள். ஆனாலும் அணி ஆடும் இரவுகளில் நகரத்து ஸ்போர்ட்ஸ் பார்களில் நீலச் சட்டைக் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஜெயிக்காத அணிக்காக, முன்பின் தெரியாதவர்களோடு தோள் உரச உட்கார்ந்து, கடையில் மலிவாகக் கிடைக்கும் பியரைக் கூடுதல் காசு கொடுத்துக் குடிப்பானேன்? ‘குடிக்க ஆட்டம் ஒரு சாக்கு’ என்பது சுலபமான பதில். என் கட்சி நேர்மாறானது. கூடி உட்காரக் குடிதான் அங்கே சாக்கு. அந்த மனிதர்களைச் சேர்த்து வைப்பது, ஒரே விஷயத்துக்காகச் சேர்ந்து காத்திருப்பது.

இதற்கான முதல் சாட்சி ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. ‘பக்’ என்கிற கறுப்பு ரப்பர் வில்லை மூன்று அங்குல அகலம், ஓர் அங்குலத் தடிமன். பலமாக அடித்தால் மணிக்கு 160 கிலோமீட்டரையும் தாண்டும். தொலைக்காட்சியில் அதைக் கண்ணால் தொடர்வது கடினம் என்பதால் அமெரிக்காவின் ஃபாக்ஸ் நிறுவனம் 1996-இல் பக்குக்குள் மின்னணுக் கருவி பொருத்தித் திரையில் அது ஒளிரும்படி செய்து பார்த்தது; ரசிகர்கள் கேலி செய்தார்கள், இரண்டே வருடத்தில் நிறுவனம் அதைக் கைவிட்டது. பாரில் அந்தக் கருவி தேவையில்லை. கோல் விழுந்ததை யாரோ ஒருவர் முதலில் பார்த்துவிடுகிறார். அவருடைய நாற்காலி பின்னால் இழுபடும் சத்தத்தில்தான் மற்றவர்களுக்குச் சங்கதி தெரிகிறது. பிறகு ‘அது ஆஃப்சைடா, இல்லையா’ என்ற பஞ்சாயத்து. ஆட்டமோ இருபது நிமிடம் வீதம் மூன்று பகுதி. நடுவில் இரண்டு இடைவேளை. பனியைச் சீர்செய்யும் வண்டி தளத்தைச் சுற்றிவரும் அந்தக் கால்மணி நேரத்தில் பேசாமல் என்ன செய்வது? முகம் பார்த்துப் பேசக் கூச்சப்படுகிறவருக்கும் திரையைப் பார்த்துப் பேசக் கூச்சம் வராது. ஊர் எது, வேலை என்ன, சம்பளம் எவ்வளவு என்ற கேள்விகள் எழாமலே இருவருக்குள் ஒரு மணி நேரப் பழக்கம் உண்டாகிவிடுகிறது.

இரண்டாவது சாட்சி தோல்வி. 2013 மே 13 அன்று கோப்பைக்கான வெளியேற்றுச் சுற்றில் (பிளேஆஃப்) பாஸ்டன் அணிக்கு எதிரான தொடரின் ஏழாவது ஆட்டம். கடைசிப் பகுதியில் 4-1 என முன்னிலையில் இருந்த லீஃப்ஸ், கூடுதல் நேரத்தில் 5-4 எனத் தோற்றது. 2004-க்குப் பிறகு ஒரு பிளேஆஃப் சுற்றைத் தாண்டவே அந்த அணிக்கு 2023 ஏப்ரல் வரை ஆயிற்று. டொரோண்டோ ரசிகர்களுக்கு இப்படிப்பட்ட தோல்வி நாட்கள் குடும்பத்தில் திதி கொடுக்கும் நாட்களைப் போல. ‘2013’ என்று ஒருவர் சொன்னால் போதும், பக்கத்து மேஜையிலிருந்து பெருமூச்சு வரும். வெற்றியைத் தனியாகவும் கொண்டாடலாம். தோல்வியை ஆற்றிக்கொள்ள, அதே தோல்வியைக் கண்ட இன்னொருவர் வேண்டும். வீடும் அலுவலகமும் அல்லாத ‘மூன்றாவது இடம்’ ஒன்று மனிதருக்குத் தேவை என்று சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989-இல் எழுதினார். காபிக்கடையையும் மதுக்கூடத்தையும் அந்தக் கணக்கில்தான் வைத்தார்.

இதற்கு வரும் முதல் ஆட்சேபம் கனமானது: குடி குடியைக் கெடுக்கும் என்பது கனடாவுக்கும் பொருந்தும். 2011 ஜூன் 15 அன்று வான்கூவர் அணி இறுதி ஆட்டத்தில் தோற்றதும் நகர மையத்தில் கார்கள் எரிந்தன, கடைகள் சூறையாடப்பட்டன. 1967-இல் கோப்பை வென்ற லீஃப்ஸ் அணியின் தடுப்பாட்டக்காரர் டிம் ஹார்ட்டன் 1974-இல் கார் விபத்தில் இறந்தார். சட்டம் அனுமதித்த அளவைப் போல இரண்டு மடங்கு மது அவர் ரத்தத்தில் இருந்தது பிற்பாடு வெளிவந்தது. இவற்றை மழுப்ப முடியாது. ஆனால் வான்கூவரில் தீ வைத்த கூட்டம், தெருவில் நிறுத்திய பெரிய திரைகளின் முன் முகம் தெரியாமல் திரண்ட கூட்டம். பாரில் பரிமாறுகிறவருக்கு உங்கள் முகம் தெரியும், இது எத்தனையாவது கிளாஸ் என்பதும் தெரியும். போதை ஏறிய வாடிக்கையாளரை நெடுஞ்சாலையில் நடக்கவிட்ட ஒன்டாரியோ விடுதிக்கும் அவர் அடிபட்டதில் பொறுப்பு உண்டு என்று 1973-லேயே கனடா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. கணக்கு வைத்திருக்க ஆள் இருக்கும் இடத்தில் குடியின் கேடு மறைவதில்லை. கட்டுக்குள் நிற்க வாய்ப்பு உண்டு.

‘இதெல்லாம் பியர் கம்பெனிகள் கட்டிய பாசம்’ என்பது அடுத்த ஆட்சேபம். உண்மை இல்லாமலில்லை. மான்ட்ரியால் கனேடியன்ஸ் அணி மோல்சன் மதுபானக் குடும்பத்தின் கையில் நெடுங்காலம் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஒரு காலத்தில் கியூபெக் நோர்டிக்ஸ் அணியைப் போட்டிக் கம்பெனியான கார்லிங் ஓகீஃப் வைத்திருந்தது. ஆனால் திருவிழாவில் கடை போட்டவர் லாபம் பார்த்தார் என்பதால் தேர் இழுத்தவர்களின் பக்தி பொய்யாகிவிடுமா? இதைவிடக் கூர்மையான குறை, அந்த மேஜையில் யாருக்கு இடம் என்பது. கியூபெக்கின் பழைய மதுக்கூடங்கள் பல பத்தாண்டுகள் பெண்களை உள்ளேயே விடவில்லை. அந்த நிழல் முழுதாக விலகவில்லை என்பதால்தான் 2022-இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் பெண்கள் விளையாட்டை மட்டுமே காட்டும் பார் ஒன்று திறக்கப்பட்டது. என் வாதத்துக்கு அதுவே பலம்: பழைய மேஜையில் இடம் கிடைக்காதவர்களும் தேடியது அதே மேஜையைத்தான். கனடாவின் ஹாக்கி வர்ணனை 2008 முதல் பஞ்சாபியிலும் ஒலிப்பதையும் இந்த வரிசையில் சேர்க்கலாம்.

ஒரு ராத்திரிப் பழக்கம் நட்பாகுமா என்று கேட்பவர்களுக்கு: ஆகாமலே போகலாம், பரவாயில்லை. ஒரு நகரம் ஓடுவதற்கு எல்லாரும் உயிர்த்தோழர்களாக வேண்டியதில்லை. பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்து அஞ்சாமல் இருந்தால் போதும். அதைச் செய்வது பியர் என்று நினைப்பவர்கள் டிம் ஹார்ட்டனின் மறுபக்கத்தைப் பார்க்கட்டும். அவர் பெயரில் 1964-இல் ஹாமில்டனில் தொடங்கிய கடை இன்று கனடா முழுக்கக் காபி விற்கிறது. அங்கேயும் காலையில் முந்தின இரவு ஆட்டம்தான் பேச்சு. ஆகவே பார் முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள்: காபியோடு வருகிறவருக்கும் திரைக்கு நேராக நாற்காலி போடுங்கள். லீஃப்ஸ் தோற்றால் அவருக்கும் அதே வலிதான்.