கடல் கடந்தோரும் கோயிற் பதிவேடும்

1825-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 4-ஆம் நாள், நார்வே நாட்டின் தென்மேற்குக் கரையிலுள்ள ஸ்டவாங்கர் துறைமுகத்தினின்று 'ரெஸ்டவுரேஷன்' என்னும் சிறு பாய்மரக்கலம் ஒன்று புறப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 54 அடியே. அதில் ஏறினோர் 52 பேர். அக்டோபர்த் திங்கள் 9-ஆம் நாள் அது நியூயார்க் துறையை அடைந்தபோது இறங்கினோர் 53 பேர். நடுக்கடலில் ஒரு பெண்மகவு பிறந்திருந்தது. அத்துணைச் சிறிய கலத்தில் அத்துணைப் பேரை ஏற்றியது 1819-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்திற்கு மாறாதலின், கலம் கைப்பற்றப்பட்டது, தண்டமும் விதிக்கப்பட்டது. குடியரசுத் தலைவர் ஜான் குவின்ஸி ஆடம்ஸ் அத்தண்டத்தை நீக்கியருளினார். இந்நிகழ்ச்சியின் 200-ஆம் ஆண்டு 2025-இல் இரு நாட்டிலும் கொண்டாடப்பட்டது. அச்செய்தியைப் படித்த காலை இளையேன் உள்ளத்து எழுந்த எண்ணங்களே இக்கட்டுரையாம்.

அச்சிறு கலத்தைத் தொடர்ந்து 1825 முதல் 1925 வரையுள்ள நூறாண்டில் ஏறத்தாழ 8,00,000 நார்வேயர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தனர். 1801-ஆம் ஆண்டு நார்வே நாட்டில் வாழ்ந்த மக்கள் தொகை ஏறத்தாழ 8,80,000 என்பதை நோக்கின், இதன் பெருக்கம் நன்கு விளங்கும். மலையும் காடும் மிக்க அந்நாட்டில் உழுதற்குரிய நிலம் மிகச் சிறிது. பண்ணையை ஏற்கும் உரிமை அந்நாளில் மூத்த மகனுக்கு இருந்தது. இளையோர் பலர் பிறர் நிலத்தில் குடிசை கட்டி, அந்நிலத்துக்கு உழைப்பையே வாடகையாகத் தந்து வாழும் குடிகளாயினர். அத்தகைய குடியை அந்நாட்டார் 'ஹூஸ்மன்' என்பர். சொந்த நிலம் என்னும் சொல்லே அவர்களை அலைகடலுக்கு அப்பால் அழைத்தது.

இன்று அவர்தம் பேரரும் கொள்ளுப்பேரரும், "எம் பாட்டனார் எவ்வூரார்? அவர் பெற்றோர் யாவர்?" என்று வினவி, பழைய ஏடுகளைப் புரட்டுகின்றனர். இம்முயற்சியைப் பழிப்பார் இரு திறத்தார். "மாண்டாரை எண்ணுதலால் வாழ்வார்க்கு வரும் பயன் யாது?" என்பார் ஒரு சாரார். "இது குலப்பெருமை தேடும் வீண் செருக்கன்றோ?" என்பார் மற்றொரு சாரார். இரண்டாவது தடையில் ஓரளவு உண்மை உண்டு. வைக்கிங் அரசர்பால் தம் மரபைக் கொண்டு சேர்க்க விழைவார் பலர் உளர். ஆயினும், நார்வேயின் ஏடுகளை நேர்மையோடு ஆராய்வான் செருக்குறுதற்கு இடமில்லை. மாறாக, அவை அவனது செருக்கை அடக்கி, எளியோர்க்குரிய நினைவை அவன் கையில் ஒப்புவிக்கின்றன என்பதே என் துணிபு. அதனை நிறுவ, அவ்வேடுகளின் இயல்பைச் சிறிது கூறுவேன்.

அவற்றுள் தலையாயது கோயிற் பதிவேடு. இன்று எஞ்சியுள்ளவற்றுள் மிகப் பழையது ஆண்டெபூ என்னும் ஊர்ச்சபையினது. அது 1623-ஆம் ஆண்டு தொடங்குவது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், சபைதோறும் போதகர் பதிவேடு வைத்தல் கடமையாயிற்று. அந்நாளில் நார்வேயும் டென்மார்க்கும் ஒரே முடியின் கீழ் இருந்தன. 1706-இல் சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடிக்கு வரக் காரணமான நான்காம் பிரடெரிக் மன்னரே நார்வேக்கும் மன்னர். ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய மூன்றும் அவ்வேடுகளில் எழுதப்பட்டன. 1736 முதல் திடப்படுத்தல் யாவர்க்கும் கட்டாயமாக்கப்பட்டபின் அதுவும் சேர்ந்தது. திடப்படுத்தல் பெறும் பிள்ளையின் வேத அறிவு எத்தகையது, நடத்தை எத்தகையது என்பதைக்கூடப் போதகர் குறித்து வைத்தனர். தேர்வுத்தாளைக் கண்டு நடுங்கும் நம்மனோர்க்கு இது சிறிது ஆறுதலாகும்! 1810-ஆம் ஆண்டுக்குப் பின், அம்மை குத்திக்கொண்ட சான்று இன்றித் திடப்படுத்தலும் விவாகமும் பெற இயலாமையின், அச்செய்தியும் ஏட்டில் ஏறியது. ஊரைவிட்டுப் போவோரும் ஊருக்கு வருவோரும் பின்னர்த் தனிப் பகுதியில் எழுதப்பட்டனர். அமெரிக்கா என்னும் சொல் அப்பகுதியில் ஆண்டுதோறும் பெருகுவதைக் காணலாம்.

1812-ஆம் ஆண்டு ஆணையால், ஆலயத்தில் மணியடித்துப் பாட்டு நடத்தும் ஊழியரும் பதிவேட்டின் இரண்டாம் படி ஒன்றை எழுதி வரலாயினர். ஒரு படி தீயில் வெந்தாலும் மற்றொன்று நிலைத்தற்பொருட்டு இஃது அமைந்தது. இரண்டும் எஞ்சியுள்ளவிடத்து, ஒன்றில் மங்கிய எழுத்தை மற்றொன்றால் தெளியலாம். சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் துணியும் தமிழ் மாணவர்க்கு இதன் அருமையைச் சொல்ல வேண்டா. பழைய ஏடுகளில் நாளும் திங்களும் காண்டல் அரிது. திரித்துவத் திருநாளுக்குப்பின் வரும் மூன்றாம் ஞாயிறு என்பது போலத் திருநாட் கணக்கே இருக்கும். ஆராய்வோன் அவ்வாண்டின் உயிர்த்தெழுந்த திருநாளைக் கணக்கிட்டு அந்நாளை அறிதல் வேண்டும். எழுத்தும் முறுகிய காதிக் எழுத்தாகும்.

அடுத்தது குடிமதிப்பு. 1801-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் நாட்டார் அனைவரும் பெயர், வயது, தொழிலோடு எழுதப்பட்டனர்; பிறந்த ஊர் மட்டும் எழுதப்படவில்லை. 1865-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் அக்குறை நீங்கியது. நூறாண்டு கழிந்த பின்னரே குடிமதிப்பு ஏடுகள் வெளியிடப்படும் ஆதலின், 1920-ஆம் ஆண்டினது 2020-இல் வெளிவந்தது. இவற்றோடு, கடல் கடப்போரைத் துறைமுக நகரங்களின் காவல் துறையார் பதிந்த ஏடுகளும் உள. இன்று ஆஸ்லோ எனப்படும் கிறிஸ்தியானியாவில் 1867 முதலும், பெர்கன் நகரில் 1874 முதலும் அவை கிடைக்கின்றன.

இத்துணை ஏடுகள் இருந்தும் தேடுவோர் இடர்ப்படுவது ஏன்? பெயர் வழக்கே காரணம். ஹான்ஸ் என்பவன் மகன் ஓலே 'ஓலே ஹான்சன்' ஆவான்; அவன் உடன்பிறந்தாள் மாரித் 'மாரித் ஹான்ஸ்டாட்டர்' ஆவாள். ஓலேயின் மகனோ 'ஓல்சன்' எனப்படுவான். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயர்க்கு முன் வைக்கும் நமக்கு இம்முறை எளிதில் விளங்கும். மூத்த மகனுக்குத் தந்தையைப் பெற்ற பாட்டன் பெயரை இடுதலும் பெருவழக்காதலின், ஹான்ஸும் ஓலேயும் தலைமுறைதோறும் மாறி மாறி வருவர். ஒரே சபையில் ஒரே காலத்தில் பல ஓலே ஹான்சன்கள் வாழ்ந்தனர். அவர்களைப் பிரித்தறிய உதவுவது பண்ணைப் பெயர். குன்று என்று பொருள்படும் 'ஹௌகென்' பண்ணையில் வாழ்பவன் 'ஓலே ஹான்சன் ஹௌகென்' எனப்படுவான். அவனே மலைச்சரிவு என்று பொருள்படும் 'லீயன்' பண்ணைக்குக் குடிபெயரின் 'ஓலே ஹான்சன் லீயன்' ஆகிவிடுவான். பண்ணைப் பெயர் குலப்பெயர் அன்று, முகவரியே. நிலையான குடும்பப்பெயரைச் சட்டம் வற்புறுத்தியது 1923-இல் தான். ஆகவே, அதற்குமுன் அமெரிக்கா சென்ற உடன்பிறந்தார் மூவருள் ஒருவன் ஹான்சனாகவும், ஒருவன் ஹௌகெனாகவும், ஒருவன் லீயனாகவும் நிலைத்தல் கூடும்.

பண்ணைப் பெயரைக் குடும்பப்பெயராக உடைய பேரன், "அப்பண்ணை எம் முன்னோர்க்கு உரியது" என்று கருதுதல் இயல்பே. 1865-ஆம் ஆண்டுக் குடிமதிப்பைத் திறந்து பார்ப்பின், அவன் முன்னோன் பெயர்க்கு நேரே பண்ணைக்குரியவன் என்பது இராமல், ஹூஸ்மன் என்றே இருத்தல் கூடும். பண்ணையில் உழைத்த ஏழையும் பண்ணைப் பெயரால் அழைக்கப்பட்டான் அன்றோ? ஏடு செருக்கை அடக்கும் என்று யான் கூறியது இதுபற்றியே. பேரரசரைத் தேடுவோர்க்கும் இதே நிலைதான். 1623-க்கு முற்பட்ட கோயிற் பதிவேடு ஒன்றும் எஞ்சாமையின், எளிய குடிகளின் மரபை அதற்கு மேல் ஏற்றிச் செல்லக் கோயில் ஏட்டின் துணை கிடையாது.

தேடலை நார்வேயில் தொடங்குவோர் பெரும்பாலும் வழி தவறுவர். அமெரிக்காவில் தன் வீட்டிலேயே தொடங்குதல் வேண்டும். குடும்ப வேதப்புத்தகத்தின் முதல் ஏடு, பழைய கடிதம், கல்லறை எழுத்து ஆகியவற்றை முதலில் நோக்குக. அமெரிக்கக் குடிமதிப்பில் பிறந்த நாடு என்பதற்கு நேரே நார்வே என்ற சொல் மட்டுமே இருக்கும். குடியேறியோர் அமைத்த லுத்தரன் சபைகளின் ஏடுகளோ நார்வேய மொழியில் எழுதப்பட்டவை. அவற்றுள் பலவற்றில் பிறந்த ஊர்ச்சபையின் பெயரே கிடைக்கும். அப்பெயர் கிடைத்தால் பூட்டிய கதவு திறந்தது போலாம்.

அங்ஙனம் திறந்தபின்னும் இடைவெளிகள் உள. பிரிட்டனின் கப்பற் சட்டங்கள் 1849-இல் நீக்கப்பட்டபின், நார்வேயக் கலங்கள் மக்களை ஏற்றிக்கொண்டு கனடாவின் குவிபெக் துறைக்குச் சென்று, மீளுங்கால் மரம் ஏற்றி வந்தன. 1850-களில் பெருந்திரளானோர் அவ்வழியே சென்றனர். ஆயின், குவிபெக் துறையின் பயணியர் பட்டியல்கள் 1865 முதலே கிடைக்கின்றன. அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டுக் குடிமதிப்போ 1921-இல் நேர்ந்த தீவிபத்தால் பெரும்பாலும் அழிந்தது. "எல்லிஸ் தீவில் அதிகாரிகள் எம் பெயரை மாற்றிவிட்டனர்" என்று கூறும் குடும்பங்கள் பல. அந்நிலையம் திறந்ததே 1892-இல். அங்கிருந்தோர் கப்பலில் வந்த பட்டியலை வைத்துக்கொண்டு வினவினரேயன்றிப் புதுப்பெயர் இட்டாரல்லர். பெயரைச் சுருக்கியோரும் மாற்றியோரும் பெரும்பாலும் குடியேறியவர்களே.

இடைவெளியைக் கற்பனையால் நிரப்புதலே இத்துறையின் பெரும்பாவம் என்பேன். இன்று நார்வேயின் அரசு ஆவணக் காப்பகம் 'டிஜிட்டாலார்கிவெ' என்னும் பெயரால் கோயிற் பதிவேடுகளின் நிழற்படங்களை இணையத்தில் கட்டணமின்றி வழங்குகின்றது. உலகின் எம்மூலையில் இருப்பாரும் 1801-ஆம் ஆண்டு ஏட்டை நொடியிற் காணலாம். இவ்வெளிமை போற்றத்தக்கதே. ஆயினும், அவசரமும் உடன் வளர்ந்தது. பெயரும் வயதும் ஒத்த ஒருவனைக் கண்டவுடன், "இவனே எம் பாட்டன்" என்று எழுதி விடுகின்றனர். அதனைப் பலர் பெயர்த்தெழுத, பொய் ஒன்று நூறு வீட்டில் மெய்யாகி விடுகின்றது. ஒரு சாட்சியின் சொல்லைக்கொண்டு வழக்குத் தீர்க்கலாகாது என்பது பழைய நியாயப்பிரமாணம். ஞானஸ்நான ஏடு ஒரு சாட்சி. ஊர்விட்டுச் சென்றோர் பட்டியல் மற்றொன்று. ஞானப்பெற்றோராய் நின்ற உறவினர் பெயர்கள் வேறொன்று. இவை ஒத்த பின்னரே "ஆம்" என்க. ஒவ்வாவிடத்து வெற்றிடத்தை வெற்றிடமாகவே விடுக. பிறர் பாட்டனைத் தன் பாட்டன் என்பவன் ஒருவருக்கன்று, இருவருக்குப் பிழை செய்கின்றான்: தான் கைப்பற்றிய அயலானுக்கு ஒன்று, தேடாது கைவிட்ட தன் முன்னோனுக்கு ஒன்று.

சாட்சி கூறியதை மறையாது ஏற்றலும் கடன். அச்சிட்ட பதிவேட்டில், பிறந்த பிள்ளை மணவழிப் பிறந்ததா அன்றா எனக் குறித்தற்கு இடம் இருந்தது. தன் பாட்டியின் பெயர்க்கு நேரே 'அன்று' என்னும் குறிப்பைக் காணும் பேரன் யாது செய்வான்? ஏட்டை மூடிவிடலாம், கதை புனைந்து மறைக்கலாம். இவ்விரண்டையும் யான் ஒப்பேன். அச்சொல்லை எழுதிய உலகம் அத்தாய்க்கு இரக்கம் காட்டியிராது. ஒருகால் அவ்வூரில் தலைநிமிர இயலாமையே அவளைக் கடல் கடக்கச் செய்திருக்கும். அவள் துன்பத்தை மறைத்தல் அவளை இரண்டாம் முறை ஊரைவிட்டுத் துரத்துதல் போன்றதாம். அதனை உள்ளவாறு எழுதி அன்போடு நினைதலே பேரன் செய்யத்தக்க கைம்மாறு.

இனி, முதல் தடைக்கு விடை கூறி முடிப்பேன். நிலமுடையோர்க்குப் பத்திரங்கள் உண்டு. செல்வர்க்கு உயிலும் சொத்துப் பட்டியலும் உண்டு. நிலமற்ற ஹூஸ்மனுக்கும், அவன் மனைவிக்கும், மூன்று நாள் வாழ்ந்து மடிந்த மகவுக்கும் உலகில் உள்ள நினைவுச்சின்னம் கோயிற் பதிவேட்டின் ஒரு வரியே. அதே பக்கத்தில், அதே மையால், பண்ணைக்குரியவன் பிள்ளையும் பண்ணைக்கூலியின் பிள்ளையும் எழுதப்பட்டுள்ளனர். நூறாண்டு, இருநூறாண்டு யாரும் திறவாத அவ்வரியை அவர் வழி வந்த ஒருவர் வாய்விட்டுப் படிக்கும்போது, மறக்கப்பட்ட உயிர் ஒன்று மீண்டும் பெயர் பெறுகின்றது. மாண்டார்க்கு அதனால் வரும் பயனை யான் அறியேன். வாழ்வார்க்கு வரும் பயன் பணிவும் வாய்மையுமாம். இவ்விரண்டினும் சிறந்த குலப்பெருமை வேறொன்று உண்டோ?