தோற்றவர் எவர்?

நாவலாசிரியர் ஒருவர் அயல்நாடு சென்று தம் நூல்களைப் பயிலும் மாணாக்கரைச் சந்திப்பதென்றால், அங்கு நடைபெறுவது இன்னதென்று நேயர்கள் எளிதில் ஊகித்துக் கொள்வார்கள். மாலை, வரவேற்புரை, நெடிய பிரசங்கம், தேநீர், புகைப்படம். வினா ஏதேனும் உண்டா என்று தலைவர் கேட்டதும் சபையில் மௌனம் குடிகொள்ளும். 1955-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், ஜப்பானில் மலைகள் சூழ்ந்த நகானோ நகரத்தில் நிகழ்ந்த சந்திப்பு அத்தகையதன்று. அங்கே வினாக்களே மிகுதி.

சென்றவர் அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் பாக்னர். தென்பகுதியிலுள்ள மிஸிஸிப்பி ராஜ்யத்தில் ஆக்ஸ்போர்டு என்னும் சிற்றூர் அவருடைய வாசஸ்தலம். உயர்தரப் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். அவ்வூர்ச் சர்வகலாசாலைத் தபாலாபீஸில் போஸ்டுமாஸ்டராக இருந்து, 1924-இல் அந்த உத்தியோகத்தையும் விட்டவர். தம் சொந்த ஜில்லாவுக்கு வேறொரு பெயர் சூட்டி, அதன் குடும்பங்களின் கதையைத் தலைமுறை தலைமுறையாக எழுதி, 1949-ஆம் வருஷத்துக்குரிய நோபெல் பரிசைப் பெற்றார். தாம் இலக்கியவாதியல்லர், குடியானவரே என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு பிரியம். அதில் பாதி விநயம், பாதி தற்காப்பு என்பது நமது ஊகம்.

எதிரே அமர்ந்தவர்கள் ஜப்பானில் ஆங்கில இலக்கியம் போதித்து வந்த ஆசிரியர்கள். கோடைகால வகுப்புக்கு மாணாக்கராக வந்திருந்தார்கள். போதிப்பவன் மாணாக்கனாக உட்கார்ந்துவிட்டால் அவனைத் திருப்தி செய்வது எவ்வளவு கடினம் என்பதை நம் தொழிலில் உள்ளவர்கள் நன்கு அறிவார்கள். அவர் வாக்கியங்கள் பக்கக்கணக்கில் நீளுவானேன் என்ற வினாவும் எழாமலில்லை. மனிதனுடைய ஆயுள் நிச்சயமில்லை. இரண்டாவது வாக்கியம் எழுதக் கிடைக்குமோ கிடைக்காதோ. ஆகையால் எல்லாவற்றையும் ஒன்றிலேயே சொல்லிவிட வேண்டுமென்ற தவிப்பு என்பது அவர் தந்த சமாதானத்தின் கருத்து. (நம் பிள்ளைகள் பரீட்சைக் கட்டுரையில் இந்தச் சமாதானத்தைக் கையாளாதிருப்பார்களாக!) தம் நூல்களில் தமக்கு உகந்தது எதுவென்று எவர் கேட்டாலும், 1929-இல் வெளிவந்த ‘ஓசையும் சீற்றமும்’ என்று பொருள்படும் நாவலையே அவர் குறிப்பிடுவது வழக்கம். தம் முயற்சிகளுள் அதுவே மிகச் சிறப்பாகத் தோற்றது என்பது அவர் கூறும் காரணம். நகானோவில் நடந்த சம்பாஷணைகள் 1956-இல் நூலாக வெளிவந்தன.

தோல்வி என்னும் சொல்லுக்கு அந்த மண்டபத்தில் வேறொரு பொருளும் இருந்தது. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து அம்மாதத்தோடு பத்து ஆண்டுகள் நிறைந்தன. அமெரிக்கப் படையின் ஆட்சி ஜப்பானை விட்டு நீங்கியது 1952 ஏப்ரலில்தான். விருந்தினரோ வென்ற தேசத்துப் பிரஜை. அத்தேசத்து அயல்நாட்டு இலாகாவே அவரை அனுப்பி வைத்திருந்தது. ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் நம் நாட்டார் எத்தகைய மனநிலையில் கற்றார்கள் என்று எண்ணிப் பார்ப்பவர்க்கு, அந்த ஆசிரியர்களின் நிலை விளங்கும்.

பாக்னர் அதை மறைத்துப் பேசவில்லை. ஜப்பானிய இளைஞர்களுக்கென்று அவர் எழுதிய செய்தி சிறு பிரசுரமாக வெளிவந்தது. தம் தேசமும் ஒரு காலத்தில் இரண்டாகப் பிரிந்து போரிட்டது. அப்போரில் தம் பக்கம் தோற்றது. வென்றவர்கள் தம்மவர் நிலத்திலும் வீட்டிலும் புகுந்து நெடுநாள் தங்கினார்கள். ஆகவே தோற்றவர் துயரம் தமக்கு அன்னியமன்று என்பது அதன் சாரம். அந்த அழிவிலிருந்தே தென்பகுதியின் இலக்கியம் பிறந்தது, ஜப்பானிலும் அவ்வாறே பிறக்கும் என்றும் நம்பிக்கை கூறினார். வென்ற நாட்டிலிருந்து வந்தவர், தோற்றவர்களின் வரிசையில் போய் அமர்ந்து பேசினார். அவ்விளைஞர்களின் உள்ளத்தை அது தொட்டிருக்குமென்பதில் ஐயமில்லை. நம் உள்ளத்தையும் தொட்டது.

ஆனால் மறுமுறை படிக்கும்போது ஒரு சொல் தடுக்கிறது. ‘எம் பக்கம் தோற்றது’ என்று பொருள்படப் பேசினாரே, அந்த ‘எம்’ எவர்? 1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது, மிஸிஸிப்பியின் ஜனங்களில் பாதிக்கு மேற்பட்டோர் அடிமைகளாயிருந்த நீக்ரோக்கள். அப்போரில் தென்பகுதி தோற்றது. அதனாலன்றோ அவர்களுடைய விலங்கு அறுந்தது? பாக்னரின் கொள்ளுப்பாட்டனார் கர்னல் பதவியிலிருந்து போரிட்டுத் தோற்றார். அவர் சமையலறையில் வேலை செய்தவளோ தோற்கவில்லை. தோல்வியைப் பற்றி இளைஞர்களுக்கு அவர் சொன்ன பாடத்தில் அவளுக்கு இடமில்லாமற் போயிற்று.

அவள் அவருக்குத் தெரியாதவள் என்றும் சொல்வதற்கில்லை. 1936-இல் வந்த ‘அப்ஸலோம்’ நாவலையும் 1942-இல் வந்த ‘மோசேயே, இறங்கிப் போ’ என்னும் நூலையும் படித்தவர்கள், அக்குடும்பங்களின் சாபமெல்லாம் அடிமை முறையில் வேரூன்றியது என்பதை அவரே காட்டியிருப்பதைக் காண்பார்கள். எழுதும் மேஜையில் அறிந்ததை, மேடையில் நின்றபோது அவர் மறந்தார்.

மறக்க முடியாதபடி உடனே ஒரு செய்தி வந்தது. ஜப்பானிலிருந்து மணிலா வழியாக அவர் ஐரோப்பா சென்றிருந்த சமயம், ஆகஸ்டு 28-ஆம் தேதி, அவருடைய மிஸிஸிப்பியில் எம்மெட் டில் என்னும் பதினான்கு வயது நீக்ரோச் சிறுவன் கொலையுண்டான். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியிடம் மரியாதையின்றி நடந்தான் என்பது அவன்மீது சொல்லப்பட்ட குற்றம். ரோமாபுரியிலிருந்து பாக்னர் அறிக்கை விடுத்தார்: குழந்தைகளைக் கொல்லும் நிலைக்கு வந்துவிட்ட சமூகம் பிழைத்திருக்கத் தகுதியுடையதன்று, பிழைத்திருக்கவும் மாட்டாது என்று. அந்தச் செப்டம்பரிலேயே, கொலைக்குற்றம் சாட்டப்பட்ட இருவரையும் வெள்ளைக்கார ஜூரிகள் குற்றமற்றவர் என்றனர்.

ஊர் திரும்பிய பிறகு குரல் தாழ்ந்தது. நீக்ரோக் குழந்தைகளும் வெள்ளைக் குழந்தைகளும் ஒரே பள்ளியில் படிப்பதை ஆதரித்துப் பத்திரிகைகளுக்கு எழுதி, அண்டை அயலாரின் வசவைப் பெற்றவர் அவர். அதை மறைப்பது நியாயமன்று. ஆயினும் 1956 மார்ச்சில் ‘லைப்’ பத்திரிகையில் வடபகுதியினருக்கு அவர் எழுதிய கடிதம், மெள்ளச் செல்லுங்கள், சற்றுப் பொறுங்கள் என்று மன்றாடியது. எவ்வளவு காலம் பொறுப்பது என்று நீக்ரோ எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் அவ்வாண்டிலேயே கடுமையாக விடையிறுத்தார். நம் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சியில் அமர்வதற்கு எத்தனை ‘சற்றுப் பொறுங்கள்’ சொல்லப்பட்டது என்பதை அறிந்த நமக்கு, பால்ட்வின் பக்கமே நியாயம் தோன்றுகிறது. பாக்னர் 1962 ஜூலையில் காலமானார். மூன்று மாதம் செல்லுமுன், அவருடைய ஊர்ச் சர்வகலாசாலையில் ஜேம்ஸ் மெரிடித் என்னும் ஒரே ஒரு நீக்ரோ மாணாக்கரைச் சேர்ப்பதற்குப் படைகள் வர நேர்ந்தது. கலகத்தில் இருவர் மாண்டனர்.

ஜப்பானில் அவர் நூல்கள் என்னவாயின? அவர் வாக்களித்த இலக்கியம் வந்தது. ஆனால் அவர் எதிர்பாராத வாசலிலிருந்தும் வந்தது. ஜப்பானிலும் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கி வைக்கப்பட்ட மக்கள் உண்டு. புராக்கு மக்கள் என்பார்கள். தோல் பதனிடுதல், இறைச்சி அறுத்தல் ஆகிய தொழில்களுக்காக ஊருக்குப் புறம்பே நிறுத்தப்பட்டவர்கள். அந்தக் குலத்தில், கீ தீபகற்பத்துக் கரையிலுள்ள ஷிங்கு என்னும் ஊரில் 1946-இல் பிறந்தவர் நாககாமி கெஞ்ஜி. நகானோவில் கேள்வி பதில் நடந்தபோது ஒன்பது வயதுச் சிறுவன். பின்னாளில் பாக்னரை ஆழ்ந்து படித்தார். அவர் ஜில்லாவைப் படைத்ததுபோல், இவர் தம் குலத்தார் வாழ்ந்த சந்தையே உலகமாக்கி, ‘சந்து’ என்றே அதற்குப் பெயரிட்டு, ரத்த பாசமும் ரத்தப் பழியும் பின்னிய கதைகளை எழுதினார். அவற்றுள் ஒன்றாகிய ‘முனை’ என்னும் கதைக்கு 1976-இல் அகுதாகாவா பரிசு கிடைத்தது. போருக்குப் பின் பிறந்தவர்களில் அப்பரிசைப் பெற்ற முதல்வர் அவரே.